பாசி அத்தானும் பதினோராம் படகும்

எங்கள் பூங்கா ஏரிக்குப் படகு ஓட்ட வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் அக்காள் கணவரின் முதுகைத்தான். படகுத்துறையின் பலகை ஓரத்தில் குந்தியபடி, கொக்கி வைத்த நீளக் கழியைத் தண்ணீருக்குள் விட்டு எதையாவது இழுத்துக்கொண்டிருப்பார். "அண்ணே, படகு இருக்கா?" என்று கேட்டால் திரும்பிப் பார்க்காமலே, "இருக்கு, இருக்கு. முதல்ல சட்டை மாட்டிக்கிட்டு வாங்க" என்பார். சட்டை என்று அவர் சொல்வது ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை. அதை எடுத்துக் கொடுப்பதும் சீட்டைக் கிழிப்பதும் என் வேலை. நான் இந்தத் துறைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. அவர் வந்து இருபத்திரண்டு.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர அது வேறெங்கும் புழங்குவதில்லை. எல்லோருக்கும் அவர் பாசி. வேலையாட்களுக்குப் பாசி அண்ணன், எனக்குப் பாசி அத்தான். தண்ணீரில் பாசியோ கொடியோ கண்ணில் பட்டுவிட்டால் அதை எடுக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது. துறைக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் என் அக்காள், வருகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். "வீட்டுல ஈரத்துண்டு மூணு நாளா கட்டில்மேல கிடக்கும், எடுக்க மாட்டார். ஏரியில ஒரு இலை விழட்டும், மனுஷனுக்கு ஜுரம் வந்துடும்."

இந்தச் சுத்தம் அவருக்குப் பழைய வேலையில் ஒட்டிக்கொண்டது. பூங்காவுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் ஒரு பணிமனையில் பேருந்து கழுவினார். பிறகு இங்கே மலைப்பாதை போடும்போது கல் சுமக்க வந்தார். பாதை முடிந்ததும் படகுத்துறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கையைத் தூக்கிவிட்டார். நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் வருடம் முழுக்க, கரையில் நிற்கும்போதுகூட மிதவைச் சட்டையைக் கழற்றாமல் இருந்தார். கேட்டால், "நாம போட்டாத்தானே ஜனங்க போடுவாங்க" என்பாராம். ஒருநாள் சட்டையின் வார் அறுந்துபோனது. அன்று முழுதும் துறைப்பக்கமே வராமல் வேறு வேலை பார்த்தார், குட்டு வெளிப்பட்டுவிட்டது. அப்புறம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீச்சல் பழகினார். கயிற்றின் மறுமுனை கரையில் அக்காள் கையில். "இவரை நம்பி ஏரியில இறங்குறாங்களே, இவரோட கயிறு யார் கையில இருக்குன்னு தெரியுமா அவங்களுக்கு?" என்று இன்றைக்கும் கேட்பாள்.

மிதிபடகு பதினாறும் அவருக்குப் பதினாறு ஆட்கள். மூன்றாம் நம்பர் இடதுபக்கமே இழுக்கும், சண்டைக்காரத் தம்பதிகளை அதில் ஏற்றமாட்டார். எட்டாம் நம்பர் சாது, வயதானவர்களுக்கு அதைத்தான் அவிழ்ப்பார். காலையில் முதல் படகை விடுவதற்கு முன் விரல் நுனியால் தண்ணீரைத் தொடுவார். அது என்ன அத்தான் என்று கேட்டேன். "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி முதலாளிக்கு ஒரு வணக்கம்" என்றார். அவர் வழிபாட்டு இடத்துக்கு அதிகம் போகிறவர் இல்லை. நான் போகிறவள். ஆனாலும் அந்த ஒரு பதிலுக்காக நான் அவரை ஆண்டவனிடம் பல தடவை சிபாரிசு செய்திருக்கிறேன்.

இனி முக்குளிப்பானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது ஒரு சின்ன நீர்ப்பறவை. கைப்பிடிக்குள் அடங்கும்போல் உருண்டையாக இருக்கும், வால் இருக்கிறதா என்றே தெரியாது. மிதந்துகொண்டே இருக்கும், டப்பென்று முழுகிவிடும், எங்கோ எழும்பும். வருகிறவர்கள் எல்லோரும் "ஐயோ வாத்துக்குட்டி!" என்பார்கள். அத்தானுக்கு அது பிடிக்காது. "வாத்து இல்லைங்க. முக்குளிப்பான். இதுதான் வளர்ந்த ஆளு. இவ்வளவுதான் வளர்த்தி." அது முழுகியதும் படகுக்காகக் காத்திருப்பவர்களிடம் பந்தயம் கட்டுவார். "எங்க எழும்பும், சொல்லுங்க பார்ப்போம். தோத்தா ஒரு டீ." இருபதுவரை எண்ணுவதற்குள் அது அவர் காட்டிய இடத்தில் எழும்பும். தேநீர் அக்காள் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதால் அவள் அந்தப் பறவைகளை மிகவும் மரியாதையாக நடத்துவாள்.

ஆனால் அவை கூடு கட்டுவதெல்லாம் ஏரியின் மறுகோடியில், சதுப்புப் பக்கம். மனிதர்கள் போக அனுமதியில்லை. "ஒரு தடவை இந்தப் பக்கம் கட்டாதா, குஞ்சைக் கண்ணால பார்க்கணும்" என்று வருடாவருடம் சொல்வார். மற்றவர்கள் பேரக்குழந்தைக்கு ஏங்குவதுபோல ஏங்கினார்.

போன வருடம் பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஜோடி துறைக்குப் பக்கத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. துறையின் பின்பக்கம் நாணல் ஓரத்தில் பதினோராம் நம்பர் படகு கட்டிக் கிடந்தது. இருக்கை உடைந்து, சாயம் உரிந்து, பெயிண்டருக்காகக் காத்திருந்த படகு. அந்தப் பக்கமிருந்து காலையில் சலங்கையை உலுக்கிச் சிரித்ததுபோல அவை கூப்பிடும். அத்தான் கழியை நிறுத்திவிட்டுக் கேட்பார். "சின்னவளே, கேட்டியா? வீடு பார்க்க வந்திருக்காங்க." நான்தான் சின்னவள். எனக்கு நாற்பத்தாறு வயது.

ஒரு காலை, ஆறு மணியிருக்கும். நான் சட்டைகளை உதறி மாட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கமிருந்து ஒரு சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ நெஞ்சில் குத்தியதுபோல ஒரு மூச்சு. ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தான் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். கொக்கி நுனியில் அழுகிய பாசி ஒரு கொத்து தொங்கியது. பதினோராம் படகின் கயிற்றில் இன்னொரு பாதிக் குவியல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் மூன்று முட்டைகள். பழுப்பேறி, தேநீரில் ஊறவைத்ததுபோல.

"நாலு இருந்துச்சு" என்றார். "ஒண்ணு உள்ள போயிடுச்சு."

அவர் கொக்கியிலிருந்த பாசியை ஒவ்வோர் இழையாக எடுத்து, குவியலின் உடைந்த பக்கத்தில் வைத்து, கயிற்றோடு சுற்றிக் கட்டினார். பேருந்து கழுவிய கை, முரட்டுக் கை. முட்டையைத் தொடாமல் இழையை மட்டும் தொட்டது.

"குப்பைன்னு நினைச்சேன் சின்னவளே. முட்டை எதுவும் தெரியலையே. மேல பாசிதானே கிடந்துச்சு. பறவையையும் காணோம்."

அப்போதுதான் எனக்கு ஒன்று சுருக்கென்று தைத்தது. துறைக்கு வரும் வழியில் பறவைகளின் படம் போட்ட பெரிய அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. பத்து வருடமாக அதை வாரம் தவறாமல் ஈரத்துணியால் துடைப்பவர் அத்தான். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். நான் ஐந்தாவதுவரை போனவள். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் இருப்பதை அவருக்கு எப்போதோ வாசித்துக் காட்டியிருந்தேன். கீழே பொடி எழுத்தில் இருப்பதை வாசிக்க நானும் மெனக்கெட்டதில்லை. இப்போது போய்க் குனிந்து, விரல் வைத்துப் படித்தேன். "கூட்டை விட்டு நீங்கும்போது முட்டைகளை நீர்த்தாவரங்களால் மூடிச் செல்லும். சுமார் மூன்று வாரத்தில் குஞ்சு பொரிக்கும்."

சொன்னேன். பின்னாலேயே வந்து நின்றவர் பலகையில் என் விரல் இருந்த இடத்தைத் தொட்டார்.

"பிள்ளைங்களுக்குப் போர்வை போத்திட்டுப் போயிருக்கு" என்றார். "அதைக் குப்பைன்னு அள்ளியிருக்கேன். பத்து வருஷமா இந்த வரியைத் துடைச்சிருக்கேன் பாரு, பளபளன்னு."

தப்பில் எனக்கும் பாதி உண்டு என்றேன். அவர் காதில் விழவில்லை.

அன்று காலை அவர் படகு எதையும் அவிழ்க்கவில்லை. நல்லவேளை, வார நாள், கூட்டமில்லை. தூரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து பின்பக்கத்தையே பார்த்தார். அக்காள் போட்ட தேநீர் ஆடை கட்டிப் போனது. "வரும், வரும். பெத்தவளுக்கு வேற போக்கிடம் ஏது?" என்றாள் அக்காள். நான் சட்டைகளுக்கு நடுவில் நின்று கண்ணை மூடி, ஆண்டவனே, இந்த மனுஷன் கை தெரியாமல் செய்த காரியம், அந்தத் தாய் மனதில் கசப்பை வைத்துவிடாதே என்று கேட்டேன்.

பத்து மணி தாண்டி ஒரு தலை நாணலோரம் எழும்பியது. முழுகியது. மறுபடி கூட்டுக்குப் பக்கத்தில் எழும்பியது. அத்தான் கட்டிய பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓர் இழையை அலகால் பிடித்து இழுத்து, வேறிடத்தில் வைத்தது. இன்னோர் இழையையும் மாற்றியது.

"நான் கட்டினது அதுக்குப் பிடிக்கலை" என்றார் அத்தான் கவலையாக.

"உங்க வேலை எந்தப் பொம்பளைக்குத்தான் பிடிச்சிருக்கு?" என்றாள் அக்காள்.

பறவை ஏறி உட்கார்ந்தது. அத்தான் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. கூடு நிற்பது பதினோராம் படகின் கயிற்றில். அந்த வாரம்தான் பெயிண்டர் வந்து படகைக் கரையேற்றுவதாக இருந்தது. விடுமுறைக் கூட்டத்துக்குப் படகு எல்லாம் தயாராக வேண்டும் என்பது அதிகாரியின் கண்டிப்பான உத்தரவு. கயிற்றை அவிழ்த்தால் கூடு போய்விடும். இத்தனை வருடத்தில் அத்தான் அதிகாரி அறைக்கு எதுவும் கேட்கப் போனதில்லை. அன்று போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

அதிகாரி புதியவர், இளவயது. மேசைமேல் ஒரு தூசி இருக்காது.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார் அத்தான். "தண்ணியில ஒண்ணு போயிடுச்சு."

அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "யாரு? பெரியவங்களா, குழந்தையா?"

"முட்டை சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மெதுவாக உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"படகை மட்டும் அவுத்துட்டு, கயித்தை வேற எங்கயாவது கட்ட முடியாதா?"

"கயிறு அசைஞ்சா கூடு கலையும் சார்."

"சரி, அந்தப் பக்கம் பாசி எடுக்காம விட்டா என்ன ஆகும்?"

"நாறும் சார்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "ஏழு வருஷமா சுத்தத்துக்கான கேடயம் உங்க துறைக்குத்தான் வருது. தெரியுமில்ல? விடுமுறை நேரத்துல ஜனங்க புகார் எழுதினா?"

"என் பேர்ல எழுதட்டும் சார். நான் பண்ணினதுதானே. மூணு உசுரு மிச்சம் இருக்கு. அதையாவது முழுசா விட்டுடணும்."

அதிகாரி நாட்காட்டியைப் பார்த்தார். "மூணு வாரம். அன்னிக்கு பெயிண்டர் வருவார். அதுக்கு மேல என்னால தள்ள முடியாது. அவர் வேற வேலை ஒத்துக்கிட்டிருக்கார்."

வெளியே வந்ததும் அத்தான் கேட்டார், "முட்டை என்னிக்கு இட்டுச்சுன்னு நமக்குத் தெரியாதே. மூணு வாரம் போதுமா?" எனக்கு எப்படித் தெரியும்? போதும் என்றேன்.

அடுத்த நாளே அவர் காலி தண்ணீர்க் கேன்களைக் கயிற்றில் கோத்து, நாணல் ஓரத்தைச் சுற்றி மிதவை வேலி போட்டார். படகுகள் அந்தப் பக்கம் திரும்பாமல் நாள் முழுக்கக் கூவினார். இடதுபக்கமே இழுக்கும் மூன்றாம் நம்பரை மூன்று வாரமும் கட்டியே வைத்தார். அதைவிடப் பெரிய கஷ்டம், பாசியை எடுக்காமல் இருப்பது. வேலிக்குள் நாளுக்கு நாள் பச்சை படர்ந்தது. காலையில் கழியை எடுத்து அந்தப் பக்கம் நாலு எட்டு வைப்பார், நின்றுவிடுவார். கை அரிக்கிறவர்போலத் திரும்பி, ஏற்கெனவே சுத்தமான முன்பக்கத்தை மறுபடி சுத்தம் செய்வார்.

இந்தச் சேதியை நுழைவாயில் காவலர் பூங்கா முழுக்கப் பரப்பிவிட்டார். அவருக்கு ரேடியோ என்று பெயர். காலை எட்டுக்கு அவர் காதில் விழுந்தது ஒன்பதுக்குள் பூங்காவின் மறுமுனையில், விருந்தினர் தங்கும் கூடாரப் பக்கம் எட்டிவிடும். "என்ன பாசி, ஊரே உன்னைப் பத்திதான் பேசுது. ஏரியைச் சுத்தம் பண்ற ஆளே குப்பைக்குக் காவல் நிக்கிறானாமே?" என்று வந்து சீண்டினார்.

"ஆமாண்ணே. நீங்க கேட்டுல நிக்கலையா, அதுமாதிரிதான்" என்றார் அத்தான்.

விடுமுறை தொடங்கியது, கூட்டம் வந்தது. ஒருநாள் மாலை யாரோ புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதிவிட்டுப் போனார்கள். அத்தான் என்னிடம் நீட்டினார். "வாசி."

எனக்கு வாசிக்க மனமில்லை. "எழுத்து புரியலை அத்தான்."

"பொடி எழுத்தா?"

அப்புறம் வாசிக்காமல் இருக்க முடியுமா? வாசித்தேன். "படகுத்துறையின் பின்பக்கம் மிகவும் அசுத்தமாக உள்ளது. துர்நாற்றம் வீசுகிறது. ஊழியரிடம் சொல்லியும் கண்டுகொள்ளவில்லை."

இருபத்தொரு வருடத்தில் அவர்மேல் எழுதப்பட்ட முதல் புகார். "உண்மையைத்தான் எழுதியிருக்காங்க" என்று புத்தகத்தை வாங்கி, அட்டையைத் துண்டால் துடைத்து, அதன் இடத்தில் வைத்தார்.

இருபதாம் நாள் வந்தது. ஒன்றுமில்லை. பறவைகள் மாறி மாறி உட்கார்ந்தன. மறுநாள் காலை பெயிண்டர் இரண்டு டப்பாக்களும் தூரிகைகளுமாக வந்து நின்றார். அத்தான் அவரை நேரே அக்காள் கடையில் உட்காரவைத்தார்.

"ஒரு டீ குடிங்க."

குடித்தார்.

"இன்னொண்ணு குடிங்க."

"என்னங்க இது, எனக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையா, டீ குடிக்கிற வேலையா?"

அக்காள் விஷயத்தைச் சொன்னாள். பெயிண்டர் எழுந்து போய் நாணல் பக்கம் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து டப்பாமேல் உட்கார்ந்தார். "என் சம்சாரத்துக்குப் பிரசவம்னு சொல்லி ஆஸ்பத்திரியில உட்கார்ந்தேன் பாருங்க, அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் இப்படி உட்கார்றேன். மதியம்வரை பார்ப்பேன். அப்புறம் என் பொழைப்பைப் பார்க்கணும்."

பதினொரு மணிக்கு அதிகாரியே வந்துவிட்டார். மேற்பார்வைக்கு வந்ததாகச் சொன்னார். மேற்பார்வைக்கு வருகிறவர் கழுத்தில் தொலைநோக்கி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் ஆறு பேர் மரத்தடியில், ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு. நான் உதட்டை அசைக்காமல் பிரார்த்தித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது ஆள் ரேடியோ. வாயைத் திறக்காமல் அவர் அவ்வளவு நேரம் நின்றதே ஓர் அதிசயம்.

பெயிண்டர் மூன்றாவது தேநீரை முடிக்கும்போது, உட்கார்ந்திருந்த பறவை கூட்டிலிருந்து நழுவித் தண்ணீருக்கு வந்தது. எப்போதும் அவசரமாகப் பாசியை இழுத்து மூடிவிட்டு முழுகும் பறவை, இந்தத் தடவை மூடவில்லை. முழுகவும் இல்லை. முதுகுச் சிறகைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது.

"என்னமோ மாதிரி போகுதே" என்றார் அத்தான். "அடிபட்டிருக்கா?"

அதிகாரி தொலைநோக்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். அத்தான் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கண்ணுக்கு வைத்து, இறக்கி, மறுபடி வைத்தார்.

"முதுகுல..." என்றார். "முதுகுல சவாரி போறான்யா!"

எனக்கு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தாயின் சிறகுக்கு நடுவிலிருந்து கோடு கோடாக ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. சற்று நேரத்தில் அதன் பக்கத்தில் இன்னொன்று. அத்தான் மூன்றாவதுக்காகக் காத்திருந்தார். மூன்றாவது வரவில்லை. அது கூட்டிலேயே பொரியாமல் தங்கிவிட்டது. ஆனால் அது நாங்கள் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் இரண்டு தலைகள் எங்கள் ஏரியில் மிதந்து போயின. மிதிபடகு இல்லாமல், சீட்டு இல்லாமல், மிதவைச் சட்டையும் இல்லாமல்.

"சட்டை போடாம விடுறீங்களே, விதி என்ன ஆச்சு?" என்றார் அதிகாரி.

அத்தான் தொலைநோக்கியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். ஓரத்துக்குப் போய்க் குனிந்து, விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டார். காலையில் ஏற்கெனவே ஒருமுறை தொட்டாகிவிட்டது. அன்று இரண்டாவது வணக்கம்.

பெயிண்டர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இப்ப அவுக்கலாமா?"

"இன்னும் ரெண்டு நாள்" என்றார் அதிகாரி, அத்தான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "ராத்திரி தங்க அதுங்களுக்கு வீடு வேணும். நீங்க அதுவரை மத்தப் படகுகளுக்கு நம்பர் எழுதுங்க. எல்லாம் அழிஞ்சு கிடக்கு."

அந்த வருடம் சுத்தத்துக்கான கேடயம் கூடாரப் பக்கத்துக்குப் போனது. எங்கள் சீட்டு அறையில் அது ஏழு வருடம் தொங்கிய ஆணி மட்டும் மிச்சம். நான் வருத்தப்பட்டேன், மறைப்பானேன். அத்தான் அண்ணாந்து ஆணியைப் பார்த்து, "நல்ல ஆணி, சும்மா இருக்கக் கூடாது" என்று தன் ஈரத்துண்டை அதில் மாட்டினார். அன்றிலிருந்து வீட்டுக் கட்டில் காய்ந்து கிடக்கிறது என்று அக்காள் சந்தோஷப்படுகிறாள்.

இப்போதும் ஆறு மணிக்கு வந்து பாசி எடுக்கிறார். ஆனால் கொக்கியை உடனே போடுவதில்லை. எந்தக் குவியலாக இருந்தாலும் முதலில் தண்ணீரில் இறங்கிப் போய், தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல மேல் இழையை இரண்டு விரலால் தூக்கிப் பார்க்கிறார். ஒன்றுமில்லை என்றால்தான் கழி. வேலை அரைமணி நேரம் கூடுதலாகிறது. அதிகாரி எல்லா வேலையாட்களுக்கும் அதையே உத்தரவாக்கிவிட்டார்.

வாரத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையைத் துடைக்கும்போது என்னைக் கூப்பிடுகிறார். அடுத்து எந்தப் பறவை என்று விரலால் காட்டுகிறார். நான் குனிந்து வாசிக்கிறேன். பொடி எழுத்தை முதலில்.